ஓடும் சர்வரில் டிஸ்க்கை மாற்றுவது எப்படிச் சாத்தியமாகிறது?

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலிருந்து ஒரு ஹார்டு டிஸ்க்கை உருவி எடுக்கும்படி முதன்முறையாக என்னிடம் சொன்னபோது, கணினியின் மூடியைத் திறக்கும் முன்பே மின் இணைப்பைத் துண்டித்துப் பழகிய கை தயங்கியது. அப்படி எடுத்தும் எதுவும் எரியாதது ஏன் என்ற கேள்வி பல நாள் மனத்தில் நின்றது. விடை, டிஸ்க்கின் கனெக்டரிலேயே கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது.

சாட்டா எனும் இணைப்பு வகையைக் கொண்ட ஒரு டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தரவுக்கு 7, மின்சாரத்துக்கு 15 எனப் பொன்னிறத் தகடுகள் வரிசையாக இருக்கும். அவற்றுள் சில மட்டும் சற்று நீண்டு விளிம்பை நெருங்கியிருக்கும். சர்வருக்குள் டிஸ்க்குகள் செருகப்படும் பலகையான பேக்பிளேனில் உள்ள பின்களிலும் இத்தகைய ஏற்றத்தாழ்வு உண்டு. டிஸ்க்கைத் தாங்கும் ட்ரேயை உள்ளே தள்ளும்போது, மின்சுற்றின் பூஜ்ய வோல்டேஜ் இணைப்பான கிரவுண்டு முதலில் இணைகிறது. அடுத்து பிரீசார்ஜ் எனப்படும் பின்கள் தொடுகின்றன. அவற்றின் பாதையில் ஒரு மின்தடை வைக்கப்பட்டிருப்பதால், டிஸ்க்கிலுள்ள மின்தேக்கிகள் நிதானமாக நிரம்புகின்றன. அதன் பிறகே முழு மின்பாதையும் தரவுப் பாதையும் சேர்கின்றன. இந்த வரிசை இல்லையென்றால், காலியான மின்தேக்கிகள் ஒரே கணத்தில் மின்சாரத்தை இழுத்து, பக்கத்து டிஸ்க்குகளுக்குப் போகும் வோல்டேஜையும் சரித்துவிடக்கூடும். இவ்வளவு சிறிய நீள வேறுபாடு இவ்வளவு பெரிய காவலைச் செய்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

மின்சாரம் கிடைத்ததும் டிஸ்க் விழித்துத் தன் இருப்பை அறிவிக்கிறது. டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் அதை உணர்ந்து இயங்குதளத்துக்குச் சொல்கிறது.

ஆனால் கனெக்டர் காப்பது வன்பொருளை மட்டுமே. தரவைக் காப்பது ரெய்டு, அதாவது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் அமைப்பு; அதுவும் எல்லா வகையிலும் அல்ல. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் விபத்துகள் நேர்கின்றன. தரவைப் பிரித்து வைப்பதோடு சரி, நகல் எதுவும் வைக்காத ரெய்டு 0 அமைப்பிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்தால் மின்சுற்றுக்கு ஒன்றும் ஆகாது, கோப்புகள்தான் போய்விடும். ரெய்டு 5 ஒரு டிஸ்க்கின் இழப்பைத் தாங்கும் என்றாலும், புதியதைச் செருகிய கணத்தில் ஆபத்து நீங்குவதில்லை, ஏனெனில் 8 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் நிரப்பினாலும் இழந்த தரவைப் புதிய டிஸ்க்கில் மீண்டும் எழுதும் ரீபில்டு முடிய 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் இன்னொன்று பழுதானால் மொத்தமும் போய்விடும். இரண்டு இழப்புகளைத் தாங்கும் ரெய்டு 6-ஐப் பெரிய டிஸ்க்குகளுக்கு நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பழுதானதை விட்டுவிட்டு நல்ல டிஸ்க்கை உருவிவிடுவதும் நடக்கக்கூடியதே. ஆகவே சீரியல் எண்ணைச் சரிபார்த்து, அந்த ட்ரேயின் அடையாள விளக்கை எரியவிட்ட பிறகே கை வைக்கிறேன். தாழ்ப்பாளை விடுவித்து ஓர் அங்குலம் மட்டும் வெளியே இழுத்து நிறுத்துகிறேன். நிமிடத்துக்கு 7200 முறை சுழன்ற தட்டுகள் மின்சாரம் நின்றபின்னும் சிறிது நேரம் சுற்றிக்கொண்டிருக்கும்; விரலில் படும் அந்த அதிர்வு முற்றிலும் அடங்கிய பிறகே டிஸ்க்கை வெளியே எடுக்கிறேன்.