முற்றத்துக்கு மேலே கிரகணம்

செப்டம்பர் 5, 2025 – வெள்ளி

மீலாது நபி விடுமுறை. காலை காபி முடிந்ததும் அம்மா பாம்புப் பஞ்சாங்கத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முழுச் சந்திர கிரகணம். 9.57-க்குப் பிடித்து, நடுராத்திரி தாண்டி 1.26-க்கு விடுகிறது. கும்ப ராசி, பூரட்டாதி நட்சத்திரம், பிடிப்பது ராகு. வீட்டில் யார் யார் கும்பம் என்று விரலை மடக்கிப் பார்த்ததில் நான் ஒருத்தன்தான் மாட்டினேன். திருநாகேஸ்வரத்தில் என் பேருக்கு ஒரு அர்ச்சனை நிச்சயம். கும்பகோணத்தில் குடியிருந்தால் ராகு ஸ்தலம் டவுன் பஸ் தூரம். தப்பிக்க முடியாது.

செல்போனில் பார்த்தேன். அதிலும் அதே நேரம்தான். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு இது பெரிய ஆச்சரியம். "அப்பாயி புக்குல எப்படிப்பா கரெக்டா இருக்கு?"

கணக்கு ஒன்றுதான், அதனால். நிலா போகும் பாதை, வானத்தில் சூரியன் போவதாக நமக்குத் தெரியும் பாதைக்குச் சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களுக்குத்தான் ராகு, கேது என்று பெயர். பௌர்ணமி அன்று நிலா அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பூமியின் நிழலில் நுழையும். இல்லாவிட்டால் நிழலுக்கு மேலேயோ கீழேயோ நழுவிப் போய்விடும். மாதாமாதம் கிரகணம் வராததற்குக் காரணம் அதுதான். இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "அதைத்தானே நானும் சொல்றேன், ராகு பிடிக்குதுன்னு" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

இதில் சிக்கல் என் தங்கை. வளைகாப்பு முடிந்து இங்கே வந்திருக்கிறாள், ஏழாம் மாதம்.

செப்டம்பர் 6 – சனி

தர்ப்பை வாங்கி வந்தேன். பூக்கடைக்குப் பக்கத்துப் பூஜை சாமான் கடையில் நல்ல கூட்டம்.

கிரகண நேரத்தில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை வைத்தால் பிடிமானம் இல்லாமல் தானே நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மகளுக்குப் பொறுக்கவில்லை. இன்று மத்தியானமே பரணிலிருந்து உலக்கையை இறக்கச் சொன்னாள். பூண் தேய்ந்து ஒரு பக்கம் பளபளப்பாகியிருந்தது. பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக விட்டாள். சாய்ந்தது. மறுபடி வைத்து, பூணின் தேய்ந்த பக்கத்தைக் கொஞ்சம் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு விட்டாள். நின்றது. அரை மணி நேரம் நின்றது. கிரகணத்துக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது.

அம்மா வந்து பார்த்தாள். "நிக்குதா? சரி, நாளைக்கும் வைக்கணும், தாம்பாளத்தைக் கழுவி வை" என்று போய்விட்டாள்.

ராத்திரி தங்கையிடம் தனியாகக் கேட்டேன், நாளைக்கு மாடிக்கு வருகிறாயா என்று. சூரிய கிரகணம் என்றால் கண்ணுக்குக் கெடுதல், அதற்கென்று கண்ணாடி வேண்டும். இது வெறும் நிலா, அதுவும் வழக்கமான பௌர்ணமியைவிட மங்கல். வயிற்றில் இருக்கும் குழந்தையை என்ன செய்துவிடும்? அவளுக்கு இதெல்லாம் தெரியும், எம்.எஸ்சி. படித்தவள்.

"எனக்கு நிலா மேல பயம் இல்லண்ணே. நாளைப் பின்ன குழந்தைக்கு ஒரு மச்சம் இருந்தாக்கூட, அன்னிக்கு மொட்டைமாடிக்குப் போனாளேன்னு ஆரம்பிப்பாங்க. உன்னை யாரும் கேட்கமாட்டாங்க. என்னைத்தான் கேட்பாங்க."

ஊர்ப்பேச்சு பரவும் விதத்துக்கு வள்ளுவர் தேடிப் பிடித்த உவமையே 'திங்களைப் பாம்புகொண் டற்று' என்பதுதான். அவர் சொன்னது காதலர்களைப் பற்றிய பேச்சை. அவளைப் போல் ஏழாம் மாதத்துப் பெண்களுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

செப்டம்பர் 7 – ஞாயிறு

திருமலையில் பிற்பகல் 3.30-க்கு நடை சாத்தி நாளை அதிகாலை 3 மணிக்குத்தான் திறக்கிறார்களாம். காளஹஸ்தி மட்டும் திறந்திருக்கும், ராகு கேதுவுக்கு உரிய இடம் என்பதால்.

ஆறரைக்கே சாப்பாடு முடிந்தது. இட்லி, தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடி. மிச்சம் எதுவும் வைக்கவில்லை. பால், தயிர், ஊறுகாய் ஜாடி, தண்ணீர்க் குடம் எல்லாவற்றிலும் தர்ப்பை. ஃப்ரீசரில் இருந்த ஐஸ்கிரீம் டப்பா மேலும் மகள் ஒன்றைச் சொருகினாள். அம்மா அதை ஆட்சேபிக்கவில்லை.

9 மணியிலிருந்தே நிலா வெளிநிழலில்தான் இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. 9.57 தாண்டி ஓரிரண்டு நிமிடத்தில் இடது பக்கம் கீழே, அடுப்புக் கரி பட்ட மாதிரி ஒரு மங்கல். மகள் நோட்டுப் புத்தகத்தோடு பாயில் படுத்திருந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு வட்டம் போட்டு, நிழல் விளிம்பை வரைந்துகொண்டே வந்தாள். நான்காவது வட்டத்தில் அவளே சொன்னாள்: "நிழல் நேர்க்கோடா இல்லப்பா, வளைஞ்சு இருக்கு. ஆனா நிலாவோட வளைவு இல்ல, அதைவிடப் பெருசு." அரிஸ்டாட்டில் பூமி உருண்டை என்று வாதாடியது இந்த வளைவை வைத்துத்தான். பூமியின் நிழல் அந்தத் தூரத்தில் நிலாவைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் அகலம். மிச்ச வளைவையும் கையாலேயே போட்டு முடித்தாள். பக்கம் போதாமல் அடுத்த பக்கத்துக்குப் போனது.

10.40-க்கு மேகம் வந்து மொத்தமும் மூடியது. நாலு தூறல். பக்கத்து மாடியில் இருந்தவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். என் மனைவியும் கொட்டாவி விட்டுக்கொண்டே பாயைச் சுருட்டப் பார்த்தாள். விடவில்லை.

11 மணிக்குக் கொஞ்சம் முன்னால் மேகம் விலகியபோது, கடைசி வெள்ளைக் கீற்று போய்க்கொண்டிருந்தது. பைனாகுலரில் அந்தக் கீற்றை ஒட்டி மெலிசாக ஒரு நீலச்சாயல். அது நம் ஓசோனின் வேலை. அந்த உயரத்தில் ஓசோன் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதால் நீலம் மிஞ்சுகிறது. இன்னும் கீழே, அடர்ந்த காற்றில் நீலம் சிதறிப்போய், சிவப்பு மட்டும் வளைந்து நிழலுக்குள் போகிறது. அதனால்தான் முழுசாக மறைந்தபின் நிலா செங்கல் நிறத்தில் தெரிகிறது.

ஆனால் ஒரே சிவப்பு இல்லை. மேல் பாதி கறுத்து, பழைய செப்புக்குடத்தின் அடி மாதிரி இருந்தது. கீழ் விளிம்பு வெளுத்த ஆரஞ்சு. இந்த முறை நிலா நிழலின் மையத்துக்குச் சற்றுத் தெற்கே போகிறது, அதனால் தெற்கு விளிம்பு நிழலின் ஓரத்துக்குக் கிட்டே இருக்கிறது. புகைப்படங்களில் பார்க்கும் ரத்தச் சிவப்பை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். எனக்கு இந்த அழுக்குச் சிவப்புதான் பிடித்தது. பௌர்ணமி வெளிச்சம் போனதும் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இடது பக்கம் தள்ளி, சிமிட்டாமல் மஞ்சளாக சனி.

தங்கைக்கு வீடியோ கால் போட்டேன். செல்போன் கேமராவில் ஒரு மங்கல் புள்ளிதான். "தெரு விளக்கா அது?" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. நிலா கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிட்டது. எங்களுடையது பழைய வீடு, நடுவில் முற்றம் இருக்கிறது. திருட்டுக்குப் பயந்து மேலே இரும்புக் கம்பி போட்டிருக்கிறோமே தவிர, வானம் திறந்துதான் கிடக்கிறது. கீழே ஓடினேன்.

தங்கைக்கு முழுசாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "வெளியே போகலையே, வீட்டுக்குள்ளதானே இருக்கேன்" என்று தாழ்வாரத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே, அந்தச் செங்கல் உருண்டை. அம்மா கூடத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்லி ஜபித்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து எங்களைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "ஓட்டு ஓரத்தைத் தாண்டி உட்காராதே" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் தலையணை ஒன்று கொண்டுவந்து தங்கையின் முதுகுக்கு வைத்தாள்.

12.22-க்கு இடது ஓரத்தில் வெளிச்சம் எட்டிப் பார்த்தபோது மகள் தூங்கிவிட்டிருந்தாள். உலக்கை நின்றுகொண்டிருந்தது.

செப்டம்பர் 8 – திங்கள்

1.26-க்கு விட்டதும் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு என்னையும் குளிக்க வைத்தாள். உலக்கை விழவில்லை. காலையில் பாத்திரம் தேய்க்கும்போது என் மனைவிதான் எடுத்துச் சாத்தினாள். திருநாகேஸ்வரம் அர்ச்சனை சாயங்காலம்.

எட்டரை மணிக்குத் தங்கையின் மாமியார் போன். நலம் விசாரித்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார். நேத்து வெளியே கிளியே வந்தியா?

"இல்ல அத்தை, வீட்டுக்குள்ளேயேதான் இருந்தேன்."

போன் அம்மா கைக்குப் போனது. "நான் பக்கத்துலயேதான் இருந்தேன் சம்பந்தி, நீங்க கவலைப்படாதீங்க" என்றாள் அம்மா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

மத்தியானம் மறுபடி பஞ்சாங்கம். மாசியில் இன்னொன்று இருக்கிறது, மார்ச் 3, 2026. முழுசாக மறைந்திருக்கும் நேரம் நமக்குப் பகல், நிலா பிடித்தபடியேதான் இங்கே உதிக்கும். 6.47-க்கு விட்டுவிடும். ஆறேகால் தாண்டித்தான் உதயம் என்பதால் மிஞ்சினால் அரை மணி நேரம், அதுவும் கிழக்கே அடிவானத்தை ஒட்டி. முற்றம் உதவாது. மாடியிலும் எதிர்வீடு மறைக்கும். காவிரிப் பாலத்துக்குப் போனால்தான் உண்டு.

அதற்குள் தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கும். "பச்சப்புள்ளையத் தூக்கிக்கிட்டுப் பாலத்துக்கா?" என்று அம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டாள்.