சொந்த ஊர் ரீவா

வெள்ளைப்புலியின் வாழிடம் எது என்று நாலாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், ‘காடு’ என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது. எந்தக் காடு என்பாள். எந்தக் காடு என்று சொன்னால், அங்கே போனால் பார்க்கலாமா என்பாள். பார்க்க முடியாது என்றால் அப்புறம் அது எப்படி வாழிடம் ஆகும் என்பாள்.

பள்ளியில் கொடுத்த ப்ராஜெக்ட் அப்படி. சார்ட் பேப்பரில் நான்கு விலங்குகள். ஒவ்வொன்றுக்கும் வாழிடம், உணவு, தகவமைப்பு என்று மூன்று கட்டங்கள். என் மகள் இனியாவுக்கும் அண்ணன் பையன் முகிலுக்கும் ஒரே வகுப்பு என்பதால், இரண்டு பேரும் சேர்ந்து ஒன்று செய்தால் போதும் என்று மிஸ் சொல்லிவிட்டார். பள்ளிக்கு எதிரே இருக்கும் ஸ்டேஷனரி கடையில் படமும் விவரமும் அச்சடித்த தாள் தயாராகவே தொங்குகிறது. எந்த வகுப்புக்கு என்ன ப்ராஜெக்ட் என்பது பெற்றோருக்கு முன்னால் கடைக்கார அண்ணாச்சிக்குத் தெரியும். வெட்டி ஒட்டினால் வேலை முடிந்தது. நான் பர்ஸை எடுத்தேன், அம்மா விடவில்லை.

“பெருங்களத்தூர்ல குடியிருந்துக்கிட்டு புலிய பேப்பர்ல பார்ப்பாங்களாடா? வண்டலூர் இதோ இருக்குது. கூட்டிக்கினு போ.”

அம்மா பிறந்து வளர்ந்தது வடசென்னையில், பட்டாளம் என்ற பகுதியில். மூர் மார்க்கெட் பக்கத்தில் மிருகக்காட்சிசாலை இருந்த காலத்து ஆள். 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கி வைத்து, சில ஆண்டுகளில் பீப்பிள்ஸ் பார்க்குக்கு நகர்ந்து, 1985இல் வண்டலூருக்குக் குடிபோனது அது. அந்தக் காலத்துச் சென்னைக்காரர்களுக்கு அது உயிர் காலேஜ், எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ். “எங்க ஆயா உயிர் காலேஜ் பார்த்தவங்க” என்று முகில் வகுப்பில் பெருமையடித்து, எந்த வருஷம் பட்டம் வாங்கினார் என்று மிஸ் கேட்டது தனிக்கதை.

ஆக, செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறக்காமல், ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு கிளம்பினோம். பேட்டரி வண்டி வேண்டாம், நடந்தால்தான் ஆராய்ச்சி என்று சொன்ன ஆராய்ச்சியாளர்கள் முதல் திருப்பத்திலேயே கால் வலிக்கிறது என்றார்கள்.

முதல் வேலை சோலைமந்தி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத குரங்கு. கறுத்த முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, சிங்கத்துக்கு இருப்பதைப் போல நுனியில் குஞ்சம் வைத்த வால். காட்டில் வெடிப்பலா அதற்கு உயிர். இங்கே நறுக்கிப்போட்ட காயும் பழமும். ஒரு பெரிய ஆண் அவசர அவசரமாக எடுத்து வாயில் திணித்தது. மென்றதாகத் தெரியவில்லை. கன்னம் இரண்டும் புடைத்துக்கொண்டு வந்தன. அப்படியே மேலே ஏறி ஒரு மூலையில் உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அமுக்கி அமுக்கி, நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது. கன்னப்பை. போட்டிக்கு ஆள் வருவதற்குள் அள்ளி அடக்கிக்கொண்டு, பத்திரமான இடத்தில் வைத்துச் சாப்பிடுவதற்கான ஏற்பாடு.

முகிலின் முகத்தில் வந்த வெளிச்சத்தை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். எல்கேஜி காலத்திலிருந்து தயிர்சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பவன் அவன். “சித்தப்பா, இது தகவமைப்பு. அம்மாகிட்ட சொல்லுங்க” என்றான். அண்ணிக்குச் சொல்லும் முன்பே என் மனைவி பக்கத்துக் கூண்டின் பலகையைப் படித்து முடித்திருந்தாள். “கருமந்தியும் மேற்குத் தொடர்ச்சி மலைதான்டா. அதுக்குக் கன்னப்பை கிடையாது. வயித்துக்குள்ள தனித்தனி அறை இருக்கு, அதனால எவ்வளவு இலை தின்னாலும் செரிச்சிடும். நாளைக்கு முருங்கைக்கீரை, உனக்கு ரெண்டு கரண்டி.” முகில் நோட்டை மூடிவிட்டான்.

நீர்யானைக் குளத்தருகே கூட்டமே இல்லை. தண்ணீர் மட்டத்தில் இரண்டு காது, இரண்டு கண், இரண்டு மூக்குத்துளை. “அவ்ளோதானா?” என்றாள் இனியா. உடம்பு முழுக்க வெயில் படாமல் மூழ்கியிருக்க, பார்க்கவும் கேட்கவும் மூச்சுவிடவும் வேண்டியதை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, இதுதாம்மா தகவமைப்பு என்று வகுப்பெடுத்தேன். கரையேறினால் தோலிலிருந்து சிவப்பாக ஒரு நீர் கசியும், வெயிலையும் கிருமியையும் தடுக்கும் என்றும் சொன்னேன். தண்ணீரிலேயே கிடந்தாலும் அதற்கு நீந்த வராது, தரையைத் தொட்டுத்தான் நடக்கும் என்றதில் நீச்சல் வகுப்புக்குப் போக அழும் முகிலுக்கு மறுபடி உற்சாகம் வந்துவிட்டது.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது எழுந்தது. தண்ணீரை வழியவிட்டுக்கொண்டு மெல்லக் கரையேறி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது. பக்கத்தில் ஒரு புதுமணத் தம்பதி அதைப் பின்னணியில் வைத்து செல்ஃபிக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குட்டி வால் லேசாக அசைந்தது. அப்புறம் ஐந்தாம் நம்பரில் வைத்த மின்விசிறி வேகத்தில் சுழல ஆரம்பித்தது. சாணம் எட்டுத் திக்கும் பறந்தது. நடுவில் அகழி இருந்ததால் எங்கள்மேல் எதுவும் படவில்லை. ஆனால் நாற்றத்துக்கு அகழி ஏது? மாப்பிள்ளை செல்ஃபி ஸ்டிக்கை நீட்டியபடியே ஓடினார், பெண் வேறு திசையில் ஓடினாள். அம்மா மட்டும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

“ஏன்டா, இது என்னா தின்னும்?”

“புல்லும்மா. ராத்திரி மேஞ்சா நாப்பது கிலோ வரைக்கும்.”

“அப்ப சரியாத்தான் வருது.”

ஆப்பிரிக்காவில் இதுவே பெரிய சமாச்சாரம். ராத்திரி புல்வெளியில் மேய்ந்ததைப் பகலில் ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்தச் சத்தை நம்பி மீனும் பூச்சியும் பிழைக்கின்றன. வாலைச் சுழற்றுவது இது என் இடம் என்று எல்லை குறிக்கவும்தான். பிள்ளைகள் இரண்டு பேரும் இதைவிட ஆர்வமாக எதையும் குறிப்பெடுத்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து ஒட்டிய நீர்யானைப் படத்தைச் சுற்றி, பழுப்பு ஸ்கெட்ச் தீரும்வரை புள்ளி வைத்தார்கள்.

வெள்ளைப்புலி கடைசி. சாப்பாடு பற்றி அங்கே நின்ற ஊழியரிடம் இனியாவே கேட்டாள். மாட்டிறைச்சி, வாரத்தில் ஒருநாள் பட்டினி என்றார். பல பூங்காக்களில் இது வழக்கம். காட்டிலும் தினமும் இரை அகப்படுவதில்லையே. கேட்டதும் அம்மாவுக்குப் புலிமேல் தனி மரியாதை வந்துவிட்டது. “பாரு, புலியே ஒருபொழுது இருக்குது. வெள்ளிக்கிழமைன்னா உங்கப்பனுக்கு மட்டும் கறி கேக்குது.”

வாழிடத்தில்தான் மாட்டிக்கொண்டோம். 1951இல், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் ரீவாவின் மகாராஜா ஒரு வெள்ளைக்குட்டியைப் பிடித்து, மோகன் என்று பெயர் வைத்து அரண்மனையில் வளர்த்தார். இன்று பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை அந்த மோகனின் வம்சம். அது தனி இனமும் கிடையாது, சாதாரண வங்கப்புலிதான். நிறத்துக்கான மரபணுவில் ஒரு மாற்றம், அவ்வளவே. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்து கூண்டில் வளர்வதற்கு ‘இலையுதிர் காடு’ என்று எழுதினால் பொய்தானே என்று இனியா அடம்பிடித்தாள். சரி, நீயே எழுது என்று விட்டுவிட்டேன். கட்டத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ‘சொந்த ஊர்: ரீவா. இப்போது இருப்பது: வண்டலூர்’ என்று எழுதினாள். சென்னையில் குடியிருக்கும் முக்கால்வாசிப் பேருக்கும் இது பொருந்தும் என்பதால் மிஸ்ஸும் டிக் அடித்துவிட்டார். நீர்யானையின் புள்ளிகளுக்கு மட்டும் சிவப்பு மையில் ‘இது என்ன?’ என்று கேட்டிருந்தார். முகில் எழுந்து, கையைச் சுழற்றிச் செய்துகாட்டி விளக்கியிருக்கிறான். அதன்பிறகு வேறு யாருடைய சார்ட்டையும் யாரும் கவனிக்கவில்லையாம்.

இந்த வாரம் பூச்சிகள். நேரில் பார்த்தே எழுத வேண்டும் என்று இப்போது மிஸ்ஸே சொல்லிவிட்டார். கொசுவுக்கு வாழிடம் என்ற கட்டத்தில் இனியா எங்கள் வீட்டு முகவரியைப் பின்கோடோடு எழுதி வைத்திருக்கிறாள்.