பிள்ளையாரையும் சேத்துக் கூட்டினவன்

காரைக்குடியில உக்காந்து அமெரிக்கக் கம்பெனி ஒண்ணுக்கு பேமென்ட் சாஃப்ட்வேர் எழுதுறேன். முதல் 13 வருஷம் சென்னை ஓஎம்ஆர்ல ஓடுச்சு, கொரோனாவுக்கு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகல. விடியக்காலைல ரெண்டு மணி நேரம் பழைய செட்டியார் வீட்டுக் கணக்கு நோட்டுங்க, சாயங்காலம் அஞ்சரைக்கு பூப்பந்து, ராத்திரி ஏழரைக்கு மேல மீட்டிங். எப்படிங்க பேலன்ஸ் பண்றீங்கன்னு கேக்குறாங்க. எங்க பண்றேன், ஒண்ணுகிட்ட கடன் வாங்கி இன்னொண்ணுக்குக் கட்டிக்கிட்டிருக்கேன்.

நோட்டுல விழுந்த கதை இது. பள்ளத்தூர்ல தெரிஞ்ச ஆச்சி ஒருத்தவங்க ரெண்டாங்கட்டை ஒழிச்சப்போ பெட்டகத்துல இருந்து மூணு கட்டு பேரேடு வந்துச்சு, பர்மா மோல்மீன் கடைக் கணக்கு, 1930கள்ல எழுதுனது. பழைய பேப்பர்காரன் வாசல்ல நிக்கிறான். "ஒனக்கு வேணும்னா எடுத்துக்கப்பா, கரையான் அரிச்சது போக மிச்சம் என்னமோ அதுதான்"னாங்க. தொகை பூரா தமிழ் எண்ணு. 320ன்னா ௩௱௨௰, மூணு நூறு ரெண்டு பத்து, பூஜ்யத்துக்கு வேலையே கிடையாது. நான் பக்கம் பக்கமா அப்படியே டைப் பண்ணி, ஸ்கிரிப்ட் ஒண்ணு எழுதி, அடியில அவங்க போட்டிருக்கிற 'ஆக'வோட சரியா வருதான்னு ஓட்டிப் பாத்தேன்.

வரல. எல்லாப் பக்கத்துலயும் ரெண்டு ரூபா கூட.

முதல்ல ஃப்ளோட்டைத்தான், அதாவது கம்ப்யூட்டர் பின்ன எண்ணைத் தோராயமா வச்சுக்கிற முறையைத்தான், சந்தேகப்பட்டேன், நம்ம தொழில்ல அடிபட்டவன் புத்தி அப்படித்தான போகும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. அணா கம்ப்யூட்டரோட பைனரில, ரெண்டு ரெண்டா வகுக்கிற கணக்குல, சுத்தமா உக்காந்துரும், ஆனா பைங்கிறது ரூபாயில 192ல ஒரு பங்கு, உள்ள ஒரு மூணு இருக்கே, அது உக்காராது, கடைசில எங்கயோ ஒழுகும். சரின்னு ஆபீஸ்ல காசை பைசாவா முழு எண்ல வைக்கிற மாதிரி எல்லாத்தையும் பையா மாத்தினேன், ஒரு வாரம் போச்சு. இப்ப 384 பை கூட வருது, அதாவது அதே ரெண்டு ரூபா. கடைசில நோட்டைத் தூக்கிக்கிட்டு கோட்டையூர்ல ஒரு பெரியவர்கிட்ட போனேன், சின்ன வயசுல பெட்டியடிப் பையனா பழகி கணக்கப்பிள்ளையா இருந்தவர். கண்ணாடியைத் தொடைச்சு ஒரு பக்கம் பாத்தாரு, சிரிச்சாரு. "தம்பி, உச்சில இருக்கிற பிள்ளையார் சுழியையும் சேத்துல்ல கூட்டிருக்கீக." உ. தமிழ்ல ரெண்டுங்கிற எண்ணுக்கும் அதே உருவந்தான். நான் டைப் அடிக்கிறப்ப அதையும் பக்தியா ௨ன்னு அடிச்சு வச்சிருக்கேன்.

அதே கோட்டையூர்தான் ரோஜா முத்தையாவுக்கும். போர்டு எழுதுறது தொழில், சேத்து வச்சது சுமார் லட்சம் புஸ்தகம், பத்திரிகை, நோட்டீஸு, அவர் போனப்புறம் 1994ல சென்னையில ஆராய்ச்சி நூலகமாச்சு. எந்த யுனிவர்சிட்டியிலயும் வேலை பாக்காத மனுஷன். நான் ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பினப்போ 'நிறுவனம்'னு ஒரு கட்டம் இருந்துச்சு, காலியா விட்டேன், நிரப்பி அனுப்புங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மோல்மீன்ல கடை வச்சவங்களுக்காவது விலாசம்னு நாலு இனிஷியல் இருந்துச்சு.

ஆபீஸ்லயும் அடி உண்டு. லீட் ஆகணும்னா பெங்களூர் வரணும்னாங்க, போகல, எனக்குக் கீழ ட்ரெயினிங் எடுத்த பையன்தான் இப்ப எனக்கு மேனேஜர். நல்ல பையன், அஞ்சரைல இருந்து ஏழு வரைக்கும் என்னைக் கூப்பிட மாட்டான், அந்த மட்டும் புண்ணியம்.

பூப்பந்து பள்ளிக்கூடத்துல இருந்து ஆடுறேன். அஞ்சு பேரு, 24 மீட்டர் நீளக் கோர்ட், மஞ்சள் உல்லன் பந்து, முப்பது கிராம்கூட வராது. வெட்டவெளில ஆடுறதால காத்துதான் ஆறாவது ஆளு, ஆடில எல்லாம் பந்து எந்தப் பக்கம் போகும்னு அதுக்கே தெரியாது. நான் சென்டர். முட்டி பேசுது, ஆனா அங்க நிக்கிற ஒன்றரை மணி நேரம் பேரேடும் கிடையாது புரொடக்‌ஷனும் கிடையாது. போன வருஷம் டோர்னமென்ட் செமிஃபைனல் அன்னிக்குன்னு பாத்து தேவகோட்டையில ஒரு வீட்டைப் பூட்டப் போறோம், நோட்டெல்லாம் போட்டோ எடுக்கணும்னா இன்னிக்கே வான்னாங்க, போயிட்டேன். டீம் தோத்துச்சு. அதுக்கப்புறம் நான் சர்வீஸை வெளிய அடிச்சாப் போதும், "பரவால்லண்ணே, பேரேட்ல வரவு வச்சுக்கங்க"ம்பானுங்க.

அந்தத் தேவகோட்டை நோட்டுல இன்னும் 212 பக்கம் கெடக்கு, பிள்ளையாரை விட்டுட்டுத்தான் அடிக்கிறேன். மணி அஞ்சே கால் ஆச்சு, வேப்பமரம் அசையல, கெளம்புறேன்.