மன்செல் புத்தகமும் மண் நிற பிராக்டிகலும்: நான் கற்றுக்கொண்டது

வேளாண் பட்டப்படிப்பில் மண்ணியல் பிராக்டிகலுக்குத் தயாராகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மண் நிறத்தை மன்செல் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் நிறச் சில்லுகளோடு ஒப்பிட்டு எழுதும் கேள்வியை முதல் முறை கோட்டை விட்டேன், அடுத்த செமஸ்டரில் முழு மதிப்பெண் வாங்கினேன்.

முதல் முறை தியரி எல்லாம் மனப்பாடமாக இருந்தது. ஆல்பர்ட் மன்செல் பாஸ்டனில் ஓவிய ஆசிரியர், 1905-ல் தன் நிறக் குறியீட்டைப் புத்தகமாகப் போட்டார், ஒவ்வொரு நிறத்துக்கும் ஹியூ (சிவப்பா மஞ்சளா என்ற வகை), வேல்யூ (வெளிர்வு கருமை), குரோமா (நிறத்தின் அழுத்தம்) என்று மூன்று அளவுகள், இப்படி. தட்டில் இருந்த கரிசல் கட்டியை டியூப்லைட் வெளிச்சத்திலேயே பார்த்து "10 ஒய்ஆர் 5/1" (10 ஒய்ஆர் ஹியூ, 5 வேல்யூ, 1 குரோமா) என்று எழுதிக் கொடுத்தேன். தேர்வாளர் எதுவும் சொல்லாமல் அந்தக் கட்டியில் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தெளித்தார். ஈரமான பக்கம் 3/1-க்குப் போய்விட்டது. "இதுல எதைம்மா எழுதியிருக்க?" என்று கேட்டார். காய்ந்த நிறமா ஈர நிறமா என்று நான் குறிப்பிடவே இல்லை. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் எழுதிய எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. தண்ணீர் பட்டதும் மாறியது வேல்யூ, அதாவது வெளிர்வு கருமை அளவு. ஹியூ அதே பக்கத்தில்தான் நின்றது. நம் கண்ணுக்கு "நிறமே மாறிவிட்டது" என்று தோன்றும், ஏனென்றால் மூன்றையும் சேர்த்தே பார்த்துப் பழகியிருக்கிறோம். இந்தத் தேர்வுக்கு அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும், படித்தால் மட்டும் வராது.

புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு ஹியூ. மேலிருந்து கீழே வந்தால் வேல்யூ குறையும், இடமிருந்து வலம் போனால் குரோமா கூடும். நான் முதலில் பக்கத்தைத் தேடவே மாட்டேன். கட்டியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து எவ்வளவு கருப்பு என்று வேல்யூவை முடிவு செய்துகொள்வேன், அப்புறம்தான் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். பலர் தலைகீழாகச் செய்து, கருப்பான செம்மண்ணை மஞ்சள் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள்.

பக்க எண்ணில் ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். ஒய்ஆர் என்றால் மஞ்சள் கலந்த சிவப்பு. அதில் 2.5 சிவப்பை ஒட்டியது, 10 மஞ்சளை ஒட்டியது. எண் கூடக் கூட மஞ்சள் பக்கம் போகிறோம். ஹெமடைட் என்ற சிவப்பு இரும்புக் கனிமம் நிறைந்த செம்மண் 2.5 ஒய்ஆர், 5 ஒய்ஆர் பக்கங்களில் கிடைக்கும். கோதைட் என்ற மஞ்சள் பழுப்பு இரும்புக் கனிமம் கூடினால் 10 ஒய்ஆர் பக்கம் நகரும். காரணத்தோடு படித்ததால் எனக்கு இது மறக்கவே இல்லை.

குரோமாவை லேசாக விடாதீர்கள். 2 அல்லது அதற்குக் கீழே இருந்து, கூடவே துருப் புள்ளிகளும் தெரிந்தால், அந்த அடுக்கில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஆனால் கரிசலிலும் குரோமா குறைவுதான், அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்து வடிகால் சரியில்லை என்று எழுதிவிடாதீர்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இது வந்தே தீரும்.

இன்னொரு வைவா கேள்வி: கம்ப்யூட்டரில் நிறத்தை ஹியூ, சாச்சுரேஷன், வேல்யூ என்று குறிக்கும் எச்எஸ்வி-யும் மன்செல் முறையும் ஒன்றா? இல்லை. எச்எஸ்வி-யில் சுத்த மஞ்சளுக்கும் சுத்த நீலத்துக்கும் வி ஒரே 100. கண்ணுக்கோ மஞ்சள் பளிச்சென்று, நீலம் இருட்டாகத் தெரியும். மன்செல் கண் உணரும் இடைவெளியை வைத்துப் படி கட்டினார். அதனால் மஞ்சள் வேல்யூ 8 பக்கத்தில்தான் அதிக குரோமாவை எட்டும், ஊதா கலந்த நீலம் கீழேயே எட்டிவிடும். மன்செல்லின் நிற உருவம் ஒழுங்கான கோளமாக இல்லாததற்குக் காரணம் இதுதான்.

தேர்வு நாளில் ஜன்னலோரமாகவோ வெளியிலோ போய் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், வெயில் முதுகுப்பக்கம் விழட்டும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, நிறம் இனி மாறவில்லை என்றதும் நிறுத்துங்கள். மேலே மினுமினுப்பு இருந்தால் அது வடிந்த பிறகு பாருங்கள். சில்லுக்குப் பக்கத்தில் உள்ள துளை வழியாகக் கட்டியைப் பார்க்க வேண்டும், ஈரக் கையால் சில்லைத் தொடவே கூடாது. எங்கள் லேபில் 10 ஒய்ஆர் பக்கம்தான் அதிகம் பயன்பட்டது, அதன் 3/2, 4/3 சில்லுகளில் மண் ஒட்டி அசல் நிறத்தைவிடக் கருத்துப் போயிருந்தன. இன்னொரு பிரதி இருந்தால் தேர்வுக்கு முன்பே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.