ஆக்ஸிஜன் சென்சார்: கழற்றும் முன் ஒரு மல்டிமீட்டர் வேலை

மைலேஜ் குறைகிறது, ஐட்லிங்கில் வண்டி உதறுகிறது, சைலென்சரில் பெட்ரோல் வாடை, டேஷ்போர்டில் மஞ்சள் செக் இன்ஜின் விளக்கு. உடனே எல்லோரும் கை வைப்பது, புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரில்தான். ஸ்கேனரில் பிழைக் குறியீட்டைப் (பி0135 போன்றவை) பார்க்காமல் அதை வாங்குவது காசுக்குக் கேடு.

பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் கார்களில் பொதுவாக இரண்டு சென்சார் இருக்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) முன்னால் இருப்பதைப் பார்த்துத்தான் இசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. பின்னால் இருப்பதன் முக்கிய வேலை, கன்வெர்ட்டரைக் கண்காணிப்பது. மைலேஜ் அடிவாங்கினால் முன் சென்சாரைப் பாருங்கள்.

பி0135 வந்தால் முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட், பி0141 என்றால் பின் சென்சாருடையது. முதலில் ஃபியூஸ், அடுத்து கனெக்டர். பிறகு இன்ஜின் ஆறியதும் கனெக்டரைக் கழற்றி, ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்களுக்கிடையே (பெரும்பாலும் வெள்ளை) ஓம்ஸ் பாருங்கள். சில ஓம்ஸிலிருந்து பதினைந்துக்குள் வந்தால் பொதுவாக ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. பி0133 என்றால் சென்சார் மந்தம். பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு) வந்தால் சென்சாரைத் தொடாதீர்கள். வேக்குவம் ஹோஸ் விரிசல், மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவு இவற்றைத் தேடுங்கள். பி0420-க்கும் (கன்வெர்ட்டரின் திறன் குறைவு) பெரும்பாலும் சென்சார் காரணமில்லை.

முன் சென்சார் நான்கு ஒயர் வகை என்றால், பொதுவாக சூடான இன்ஜினில் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் 0.1 வோல்ட்டுக்கும் 0.9-க்கும் இடையே விடாமல் ஏறி இறங்க வேண்டும். 0.45 பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் சந்தேகம்தான். ஐந்து ஒயர், ஆறு ஒயர் வைடுபேண்டுக்கு (கலவையின் அளவையே துல்லியமாக அளக்கும் வகை) இந்தக் கணக்கு செல்லாது.

மாற்றும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். மரை துருப்பிடித்திருந்தால் முந்தின இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். ஒயருக்குப் பிளவு விட்ட 22 எம்எம் சாக்கெட் வேண்டும். மரை பெரும்பாலும் எம்18×1.5. இன்ஜின் லேசாகச் சூடாக இருக்கும்போது திருப்புங்கள்; முரட்டுத்தனம் காட்டினால் பைப்பில் இருக்கும் மரையும் சேர்ந்து உரிந்துவிடும், அப்புறம் வெல்டிங் கடைதான். புதியதில் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும் பசை) பெரும்பாலும் ஏற்கெனவே தடவியிருக்கும். இல்லையென்றால் மரையில் மட்டும் தடவவும், முனையில் துளியும் படக்கூடாது. இறுக்கம் சுமார் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். உங்கள் காரின் மேனுவல் வேறு சொன்னால் அதுதான் சரி.

விலை குறைவென்று யுனிவர்சல் சென்சார் வாங்கி ஒயரை ஈயம் வைத்து ஒட்டுகிறார்கள். பல சென்சார்கள் ஒப்பிடத் தேவையான வெளிக்காற்றை ஒயர் இழைகளின் வழியாகவே இழுக்கின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். கிரிம்ப் செய்யுங்கள் (ஈயமில்லாமல் உலோகக் குழாயில் நசுக்கி இணைப்பது), அல்லது கனெக்டரோடு வருவதையே வாங்குங்கள்.

கழற்றிய பழைய சென்சாரைத் தூக்கிப் போடாமல் முனையைப் பாருங்கள். கறுப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெள்ளைப் படிவு இருந்தால் கூலன்ட் கசிகிறது, அல்லது யாரோ சாதாரண சிலிக்கான் சீலன்ட் பூசியிருக்கிறார்கள். அதைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் சீக்கிரமே போய்விடும்.