பேசாத பத்து நாள்

ஜூலை 8, திங்கள்

தொண்டைக்கு ஓய்வு வேண்டுமாம், பத்து நாள் வாய் திறக்கக் கூடாது என்கிறார் மருத்துவர். கிசுகிசுப்பும் கூடாதாம், அது இன்னும் கெடுதலாம். வகுப்பில் பிள்ளைகளைக் கூப்பிட, பூஜை அறையிலிருந்து பித்தளை மணியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

பாடம், உத்திரமேரூர்க் குடவோலை: சோழர் காலத்தில் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஊர்ச்சபை வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் எடுத்த முறை. 25 பேர், ஐந்து குழு, குழுவுக்கு ஐந்து துண்டுச் சீட்டு; ஆளுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்குப் பாடத்தின் ஒரு பகுதி. ஒரே சீட்டுக்காரர்கள் ஐவரும் தனியாகக் கூடிப் படிக்க வேண்டும், பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது எழுந்த பகையைத் தணிக்க, 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் எலியட் ஆரன்சன் வகுத்த முறை. அவர் எங்கள் பெஞ்சுகளை இழுத்துப் பார்த்ததில்லை. பக்கத்து வகுப்புக் கணக்காசிரியர் சாக்பீஸோடு வந்து எட்டிப் பார்த்தார். மணிச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

ஜூலை 10, புதன்

இரண்டு பேர் வரவில்லை. ஒரு குழுவுக்குத் ‘தகுதி’ இல்லை, இன்னொன்றுக்கு ‘வாரியம்’ இல்லை. கடன் வாங்கிச் சமாளித்தேன்.

ஜூலை 11, வியாழன்

வெந்நீர். தேன். யாரோடும் பேசாத வீடு இத்தனை பெரியதா?

ஜூலை 12, வெள்ளி

குடத்திலிருந்து ஓலையை எடுத்தது ஒரு சிறுவன். சீட்டில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ‘குலுக்கல்’ குழுவில் ஒருவன், “சின்னப் பையனை நம்பி யாராவது விடுவார்களா? பராந்தகச் சோழரேதான் எடுத்திருப்பார்” என்றான். மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். எட்டே நிமிடத்தில் ஐந்து குழுவிலும் சோழர் குடத்துக்குள் கையை விட்டுவிட்டார். எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. சாக்பீஸை எடுத்தேன், வைத்தேன். இத்தனை வருடமாக ‘சிறுவன்’ என்று சொல்லி வருகிறேன். ஏன் சிறுவன் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. இவன் தப்பாகச் சொன்னாலும் யோசித்தல்லவா சொல்கிறான்? திருத்தாமலே வந்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. திங்கட்கிழமைக்குள் தேர்வில் எழுதிவிட மாட்டார்கள்.

ஜூலை 13, சனி

அம்மா தொலைபேசியில் அழைத்தாள். ஒரு தட்டு ‘ஆம்’, இரண்டு தட்டு ‘இல்லை’.

ஜூலை 15, திங்கள்

மண்பானை கொண்டுபோனேன். எல்லார் பெயரையும் பனையோலை நறுக்கில் எழுதிப் போட்டு, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு குட்டியை வரவழைத்தேன். இந்த வாரக் குழுத் தலைவர்களை அவன் எடுக்க வேண்டும். இரண்டு கையையும் விட்டு, இரண்டு பிடி ஓலையை அள்ளிவிட்டான். திருப்பிப் போட மாட்டேன் என்கிறான். வகுப்பே கத்துகிறது, எது செல்லும், எது செல்லாது என்று. பராந்தகச் சோழர்க்காரன் மட்டும் கத்தவில்லை. குனிந்து அந்தக் குட்டியிடம், “உனக்கு எழுத்துக் கூட்டத் தெரியுமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜூலை 16, செவ்வாய்

நாளை தொண்டையைப் பார்க்கிறார்கள். மணியை வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.