பெரியவர் பேச்சிலிருந்து ஊர் வரலாறு எழுதுவது

இலங்கையின் வடக்கே வன்னியில், பெரியவர்களிடம் கேட்டு ஊர் வரலாறு எழுதப் புறப்படுகிறவர்களுக்கு முதலில் கால் தடக்குவது ஆண்டுகளில்தான். "ஐயா, அது எத்தினையாம் ஆண்டு?" என்று கேட்டால் அவரும் உங்களுக்காக ஓர் ஆண்டைச் சொல்லிவிடுவார். அனேகமாக அது பிழையாயிருக்கும். "மிளகாய்க்கு நல்ல விலை இருந்த காலமோ, பிறகோ?" என்று கேளுங்கள். இறக்குமதி கட்டுப்பட்டு மிளகாயும் வெங்காயமும் விலை போனது 1970–77 பிரதமர் சிரிமா பண்டாரநாயக்காவின் ஆட்சியில். அது ஒரு முளை. 1977 கலவரத்தோடு மலையகச் சனம் வந்து குடியேறியது அடுத்த முளை. சம்பவத்தை இரண்டுக்கும் நடுவில் கட்டிவிடலாம். மாதம் பிடிக்கக் காலபோக நெல் விதைப்பு, அறுவடை, வைகாசியில் வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கல் போதும்.

மிகவும் ஏமாற்றும் சொல் "இடம்பெயரேக்க". கிளிநொச்சிக்காரருக்குப் போரால் 1996 இடப்பெயர்வும் உண்டு, 2008 கடைசியில் வந்ததும் உண்டு. பேச்சில் ஒன்று மற்றதற்குள் புகுந்துவிடும். எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டால் பிரியும். முதலாவதில் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கம் போனவர்கள் கனபேர். இரண்டாவதில் வழி கிழக்கே, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நீண்டது.

ஒலிப்பதிவுக்குக் கைபேசி போதும். அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும், ஆகவே விமானப் பயன்முறையில் போடுங்கள். பேசுகிறவரிடமிருந்து ஒரு முழத் தூரத்தில், மடித்த துவாயின் மேல் வையுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்து மணி நேரமாவது பிடிக்கும். கிடப்பில் போட்டால் கைச்சைகையும் முகமும் மறந்து, "இந்தளவு" என்றது எவ்வளவு என்று தெரியாமல் போகும்.

பதிவில் இப்படி வரும்: "குளம் வான் பாஞ்சா தெருவால வரேலாது, காட்டுக்குள்ளால சுத்தித்தான் வாறது, பாருங்கோ." இதை "குளம் நிரம்பியமையால் போக்குவரத்துப் பாதிப்படைந்தது" என்று எழுதினால் அது கச்சேரி (அரச அலுவலக) அறிக்கை. "குளம் வான் பாய்ந்தால் தெருவால் வர முடியாது, காட்டுக்குள்ளால் சுற்றித்தான் வருவது" என்பதோடு நிறுத்துங்கள். தொழிற்சொல்லில் கை வைக்கவே வேண்டாம். குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசை "மதகு" என்று திருத்தினால் எங்கள் வாசகர் தெருவுக்குக் குறுக்கே கிடக்கும் மதகைத்தான் நினைப்பார்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை யூனிகோட்டுக்கு மாற்றினால் "கௌரவம்" என்பது "கெளரவம்" ஆகிவிடும்; "கௌ" என்ற ஓரெழுத்து "கெ", "ள" என்று இரண்டாய்ப் பிரிந்து நிற்பது கண்ணுக்கும் தெரியாது. தேடும்போதுதான் அகப்படாமல் போகும். இடையில் கிடந்த ஆங்கிலச் சொல்லெல்லாம் விளங்காத தமிழெழுத்தாய் நிற்கும். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

அச்சுக்கு முன் பெரியவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். "இல்லைத் தம்பி, அப்பிடியில்லை" என்று மறிக்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். எங்கள் அனுபவத்தில் கூடுதலாக மறிப்பது காணி எல்லையிலும், யாருக்கு யார் என்ன முறை என்பதிலும்தான்.